அப்பாவின் இருமல் இரண்டு மாதமாக நிற்கவில்லை, எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: அப்பாவுக்கு வயது 63. கோவைப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பீடியை விட்டு ஐந்து வருடம் ஆகிறது. பி.பி. மாத்திரை போடுகிறார். இரண்டு மாதமாக இருமல், காலையில் கொஞ்சம் சளி, காய்ச்சல் இல்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கேட்டால் ‘வயசாச்சுல்ல’ என்கிறார். மருந்துக்கடையில் வாங்கிய சிரப் இரண்டு பாட்டில் தீர்ந்துவிட்டது. சொந்தக்காரர்களில் ஒருவர் டிபி என்கிறார், இன்னொருவர் கேஸ் என்கிறார். நுரையீரல் நோய்க்கு என்னென்ன அறிகுறிகள், எதற்குப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம்?

நெஞ்சக நோய்ப் பிரிவில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். நுரையீரலுக்குத் தன் கஷ்டத்தைச் சொல்ல இருக்கும் வழிகள் மிகக் குறைவு. இருமல், சளி, சளியில் ரத்தம், மூச்சு வாங்குதல், இழுப்பு, நெஞ்சு வலி. அவ்வளவுதான். சாதாரண ஜலதோஷம் முதல் புற்றுநோய் வரை எல்லாமே இந்த ஆறில் ஒன்றிரண்டாகத்தான் வெளியே தெரியும். அதனால் ‘இருமல் இருக்கிறது, என்ன நோய்?’ என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. எத்தனை நாளாக, எந்த நேரத்தில், கூடவே வேறு என்ன இருக்கிறது, முன்பு இருந்ததிலிருந்து எப்படி மாறியிருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இன்னொன்று. வீட்டில் இருப்பவர்கள் எப்போதும் இருமலைத்தான் துரத்துவார்கள். அது காதில் விழுகிறது, தூக்கத்தைக் கெடுக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் விசாரிக்கிறார். உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது இருமல் அல்ல, அந்த மாடிப்படி. இருமலுக்கு ஒன்றரை வரி எழுதியவர் மூச்சு வாங்குவதை ‘வயசாச்சுல்ல’ என்று கடந்து போகிறீர்கள். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வயதானால் வேகம் குறையும், உண்மைதான். ஆனால் மூச்சு வாங்குவது வயதின் வேலை இல்லை; அதற்கு ஒரு காரணம் இருக்கும். நாள்பட்ட நுரையீரல் நோயில் மூச்சுத்திணறல் ஒரே நாளில் வருவதில்லை. மெதுவாக வரும், அதற்கேற்றபடி மனிதர் தன் நடமாட்டத்தை மெதுவாகச் சுருக்கிக்கொள்வார். முதலில் வேகமாக நடப்பதை நிறுத்துவார். அப்புறம் கடைக்கு நடந்து போனவர் வண்டியில் போவார். அப்புறம் மாடியில் துணி காயப்போடுவது, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது எல்லாம் வேறொருவர் வேலையாகிவிடும். அந்தக் கட்டத்தில் ‘மூச்சு வாங்குதா?’ என்று கேட்டால் ‘இல்லையே’ என்பார். பொய் சொல்லவில்லை, மூச்சு வாங்கும் வேலையையே அவர் செய்வதில்லை. ஆகவே அப்பாவிடம் வேறு மாதிரி கேளுங்கள்: போன தீபாவளிக்குச் செய்ததில் இப்போது எதை விட்டுவிட்டார்? அம்மாவிடம் கேட்டால் இன்னும் சரியான பதில் வரும்.

மருத்துவர்கள் இதை ஐந்து படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறோம், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். கடும் வேலை செய்தால் மட்டும் மூச்சு வாங்கினால் பூஜ்யம். வேகமாக நடந்தாலோ லேசான மேட்டில் ஏறினாலோ வாங்கினால் ஒன்று. சமதரையில் தன் வயதுக்காரர்களோடு சேர்ந்து நடக்க முடியாமல் பின்தங்கினால், அல்லது தன் போக்கில் நடக்கும்போதே நிற்க வேண்டியிருந்தால் இரண்டு. நூறு மீட்டர் போல நடந்ததும் நின்றால் மூன்று. சட்டை மாட்டவே மூச்சு வாங்கினால், வீட்டை விட்டு வெளியே போக முடியாவிட்டால் நான்கு. இரண்டாம் படியோ அதற்கு மேலோ என்றால் தள்ளிப்போடக் கூடாது. எந்தப் படியில் இருக்கிறார் என்பதைவிட, ஆறு மாதத்தில் ஒரு படி தாண்டியிருக்கிறாரா என்பது எனக்கு முக்கியம்.

அடுத்தது, மூச்சை எண்ணுங்கள். அப்பா டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவரிடம் சொல்லாமல் (சொன்னால் மூச்சின் வேகம் மாறிவிடும்), வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 24-ஐத் தாண்டினால் உடம்பு ஏதோ ஒன்றைச் சமாளித்துக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், டிபி என்று தெரிந்தவர்களில் யாரை உடனே படுக்கையில் சேர்க்க வேண்டும் என்று பிரிக்கப் பார்க்கும் மிகச் சில விஷயங்களில் இந்த எண்ணிக்கையும் ஒன்று: மூச்சு 24-க்கு மேல், அல்லது ஆக்சிஜன் 94-க்குக் கீழ். கூடவே மிக மோசமான எடைக்குறைவும், பிடிமானமில்லாமல் நிற்க முடியாத நிலையும். ஸ்கேன் எதுவும் தேவையில்லை, கடிகாரமும் எடை மெஷினும் விரலில் மாட்டும் கருவியும் போதும். நிமோனியாவில் மூச்சு 30-ஐத் தொட்டால் அது தீவிரமான நோய் என்ற கணக்கில் போகும்.

குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவார்கள், அதனால் கணக்கு வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு. இருமல், சளியோடு இது சேர்ந்தால் நிமோனியாவாகப் பார்க்க வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்ளே குழிந்தால், மூக்கு விடைத்தால், பால் குடிக்க முடியாமல் போனால் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. ‘கணை’ என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் அரை நாளை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மந்திரிப்பதானால் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு மந்திரித்துக்கொள்ளுங்கள்.

மூச்சுத்திணறல் எப்போது வருகிறது என்பதும் துப்பு கொடுக்கும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டி, தலையணையை இரண்டு மூன்றாக அடுக்கிப் படுக்க வேண்டியிருக்கிறதா, மாலையில் கணுக்கால் வீங்குகிறதா, அப்போது இதயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் திடுக்கிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போவதும் பெரும்பாலும் இதயத்தின் வேலை. விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு இருமலும் இழுப்புமாக எழுப்பினால் ஆஸ்துமா பக்கம் யோசிப்போம். இவையெல்லாம் அடையாளங்கள்தான், தீர்ப்பு அல்ல.

நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று மூச்சு முட்டினால் கதையே வேறு. ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தவர், நீண்ட பயணம் முடித்தவர், ஒரு கால் மட்டும் வீங்கியிருப்பவர் என்றால் காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கலாம். ஒல்லியாக, உயரமாக இருக்கும் இளைஞனுக்கு ஒரு பக்க நெஞ்சில் சுருக்கென்று வலித்து மூச்சு முட்டினால் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து அது சுருங்கியிருக்கலாம். இரண்டுமே அன்றைக்கே பார்க்க வேண்டியவை. இதற்கு நேர் எதிராக, சும்மா உட்கார்ந்திருக்கும்போது மட்டும் ‘மூச்சு முழுசா உள்ளே போகல’ என்று பெருமூச்சு விட்டு, நடந்தால் சரியாகிவிடுகிறது என்பவர்களுக்குப் பெரும்பாலும் பதற்றம்தான் காரணமாக இருக்கும். அதையும் பரிசோதித்த பிறகுதான் சொல்ல வேண்டும். அப்புறம், நுரையீரலும் இதயமும் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கும் பெண்கள் நம் ஊரில் நிறையப் பேர். ஹீமோகுளோபின் பார்த்தால் 7, 8 என்று இருக்கும், ரத்தசோகைதான் காரணம்.

சரி, இருமலுக்கு வருவோம். மூன்று வாரத்துக்குள் போய்விடும் இருமல் பெரும்பாலும் வைரஸ் தொற்று. சளி, காய்ச்சல் எல்லாம் போன பிறகும் இருமல் மட்டும் சில வாரம் இழுப்பது சகஜம். எட்டு வாரம் தாண்டினால் அதை நாள்பட்ட இருமல் என்போம். உங்கள் அப்பா அந்த எல்லையில் நிற்கிறார். ஆனால் நம் நாட்டில் எட்டு வாரம் காத்திருக்கச் சொல்ல முடியாது. இரண்டு வாரம் இருமல் இருந்தாலே சளியை டிபிக்குப் பரிசோதிக்க வேண்டும் என்பதுதான் தேசியத் திட்டத்தின் விதி. எடை குறைவது, மாலைக் காய்ச்சல், இரவில் சட்டை நனையும் வியர்வை, பசியின்மை இதெல்லாம் சேர்ந்தால் சந்தேகம் கூடும். எதுவும் இல்லாவிட்டாலும் பரிசோதனை உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கு இதை இரண்டு மடங்கு அழுத்திச் சொல்வேன்.

டிபி என்ற பேச்சை எடுத்தாலே வீட்டில் தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தப் பயத்தால்தான் பலர் பரிசோதனைக்கே வருவதில்லை. 1956-இல் சென்னையில் ஒரு ஆய்வு தொடங்கினார்கள். டிபி நோயாளிகளில் ஒரு பிரிவை சானடோரியம் எனும் டிபிக்கான தனி மருத்துவமனையில் வைத்தும், இன்னொரு பிரிவை நெரிசலான வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து வரவில்லை. 1959-இல் இந்த முடிவு வெளியானதும் உலகம் முழுக்க டிபி சிகிச்சை சானடோரியத்தை விட்டு வீட்டுக்கு வந்தது. அதற்காகத் தொடங்கிய மையம்தான் இப்போது சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சாதாரண வகை டிபிக்கு இப்போது ஆறு மாத மாத்திரை, அரசு மருத்துவமனையில் இலவசம்.

நாள்பட்ட இருமலுக்குச் சில சாதுவான காரணங்களும் உண்டு. உங்கள் அப்பாவின் பி.பி. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். எனாலபிரில், ராமிபிரில், லிசினோபிரில் என்று ‘பிரில்’ என முடியும் மருந்துகள் சிலருக்குத் தொண்டையில் அரிப்போடு வறட்டு இருமலைக் கொடுக்கும். சாப்பிட ஆரம்பித்துப் பல மாதம் கழித்தும் வரலாம். அதுதான் காரணம் என்றால் மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றுவார், சில வாரங்களில் இருமல் போய்விடும். நீங்களாக நிறுத்தக் கூடாது. அப்பாவுக்குச் சளியும் மூச்சு வாங்குவதும் இருப்பதால் பழி முழுவதையும் மாத்திரை மேல் போட எனக்கு மனமில்லை, ஆனாலும் பார்க்க வேண்டியது. மூக்கின் பின்பக்கமாகத் தொண்டையில் இறங்கும் நீர், நெஞ்செரிச்சல், இழுப்பே இல்லாமல் இருமலாக மட்டும் வரும் ஆஸ்துமா, இவை மூன்றும் மற்ற பெரிய காரணங்கள். ஆக, ‘கேஸ்’ என்று சொன்ன சொந்தக்காரரும் முழுக்கத் தப்பில்லை.

இன்னொரு காரணம், நம் பக்கத்து மாநிலமான ஆந்திராவில் கவனித்தது என்பதால் சொல்கிறேன். மதனப்பள்ளி சானடோரியத்தில் டிபி என்று நினைத்துச் சேர்த்தவர்களில் சிலருக்குச் சளியில் கிருமியே கிடைக்கவில்லை. ரத்தத்தில் ஈசினோஃபில் எனும் ஒருவகை வெள்ளை அணுக்கள் மட்டும் எக்கச்சக்கமாக இருந்தன. அங்கிருந்த மருத்துவர்கள் 1940-இல் இதை எழுதினார்கள். யானைக்கால் புழுவுக்கு எதிராக உடம்பு காட்டும் மிகையான எதிர்ப்புதான் அது என்று பிற்பாடு தெரிந்தது. இரவில் மோசமாகும் இருமல், இழுப்பு, எடைக்குறைவு. பார்த்தால் ஆஸ்துமா மாதிரியும் இருக்கும், டிபி மாதிரியும் இருக்கும். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் பிடித்து, யானைக்கால் மாத்திரையிலேயே குணப்படுத்தலாம்.

பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கு ஒரு தனி விதி. ‘எனக்கு எப்பவும் இருமல்தான்’ என்பார்கள். அந்த எப்போதும் உள்ள இருமல் மாறினால், அதாவது சத்தம் மாறினாலும் அடிக்கடி வந்தாலும் சளி கூடினாலும், அதைப் புதிய அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டும். குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் சரியாகாவிட்டாலும் அப்படித்தான். குரல்வளைக்குப் போகும் இடப்பக்க நரம்பு மார்புக்குள் இறங்கி மேலே ஏறுகிறது; நுரையீரலின் வேர்ப்பகுதியில் கட்டி வளர்ந்தால் அது நசுங்கி முதலில் குரல்தான் மாறும்.

சளியின் நிறத்தை மக்கள் ரொம்ப நம்புகிறார்கள். மஞ்சளாக, பச்சையாக இருந்தால் ஆன்டிபயாடிக் வேண்டும் என்று கேட்டே வாங்குகிறார்கள். பச்சை நிறம் நம் வெள்ளை அணுக்களில் இருக்கும் ஒரு நொதியின் நிறம். அணுக்கள் சண்டைக்கு வந்திருக்கின்றன என்றுதான் அது சொல்கிறது. எதிரி வைரஸா பாக்டீரியாவா என்று சொல்லாது. நிறத்தைவிட அளவும் நாற்றமும் உதவும். தினமும் காலையில் கப் கணக்கில் சளி வந்தால், பழைய டிபியோ சிறுவயது நிமோனியாவோ மூச்சுக்குழாய்களை நிரந்தரமாக விரித்துவிட்டிருக்கலாம். பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம் இருந்தால் நுரையீரலில் சீழ்க்கட்டி. துரு நிறத்தில் சளி, நடுக்கத்தோடு காய்ச்சல் என்றால் நிமோனியா. இளஞ்சிவப்பு நுரையாக வந்து மூச்சு முட்டினால் இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டிய நேரம்.

ரத்தம் ஒரு துளி வந்தாலும் காட்டியாக வேண்டும். இருமலில் வரும் ரத்தம் பெரும்பாலும் நல்ல சிவப்பாக, நுரையோடு, சளி கலந்து வரும். வாந்தியில் வருவது கருத்து, காபித்தூள் மாதிரி, சோற்றோடு வரும். எதில் வந்தது என்று குழப்பம் இருந்தால் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் ஊரில் முதல் சந்தேகம் டிபி, பழைய டிபி விட்டுப்போன தழும்பு, பீடிக்காரருக்குப் புற்றுநோய். ஒரு தடவை வந்து நின்றுவிட்டது என்று விட்டுவிடுவதுதான் நான் பார்ப்பதில் மிக மோசமான பழக்கம்.

இழுப்பு என்றால் மூச்சை வெளியே விடும்போது விசில் மாதிரி கேட்பது. சின்ன மூச்சுக்குழாய்கள் சுருங்கியிருக்கின்றன. மாறாக, உள்ளே இழுக்கும்போது கரகரவென்று பெரிய சத்தம் கேட்டால் அடைப்பு தொண்டையிலோ பெரிய குழாயிலோ இருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டிருந்த குழந்தைக்கோ பல்செட் போட்ட பெரியவருக்கோ இப்படிக் கேட்டால் ஏதாவது சிக்கியிருக்கலாம். ஆஸ்துமாக்காரர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: இழுப்பின் சத்தம் குறைந்தால் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். ஆள் களைத்துப்போய், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் இரண்டிரண்டு வார்த்தையாகப் பேசும்போது சத்தம் அடங்கினால், விசில் அடிக்கக்கூட காற்று போகவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு சத்தம் உங்கள் காதுக்குக் கேட்காது, எங்களுக்குக் கேட்கும். முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் செருப்பின் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போன்ற சத்தம். நுரையீரல் தழும்பாகி இறுகிக்கொண்டு வருவதன் அடையாளம். வறட்டு இருமல், நடந்தால் மூச்சு வாங்குவது, விரல் நுனி பருப்பது, இந்த மூன்றோடு சேர்ந்து வரும். புறா வளர்ப்பவர்களுக்கும், ஏசி யூனிட்டுக்கு மேல் புறா கூடு கட்டியிருக்கும் பிளாட்காரர்களுக்கும் இது வரலாம். ஸ்டெதாஸ்கோப், பிரெஞ்சு மருத்துவர் லேனெக் 1816-இல் பாரிஸில் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதில் தொடங்கிய வித்தை. இரண்டு நூற்றாண்டு கடந்தும் சட்டைக்கு மேலேயே குழாயை வைத்து ஐந்து நொடியில் ‘நெஞ்சு கிளியர்’ என்று சொன்னால் நம்பாதீர்கள், முதுகிலும் வைக்கச் சொல்லுங்கள்.

நெஞ்சு வலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நுரையீரல் திசுவுக்கு வலி தெரியாது. அதைச் சுற்றியுள்ள உறைக்குத்தான் தெரியும். ஆழமாக மூச்சு இழுத்தால், இருமினால் குத்துகிற வலி அந்த உறையிலிருந்து வருவது. நிமோனியா, உறையில் நீர், டிபி, ரத்த உறைவு எல்லாமே அப்படிக் குத்தும். நெஞ்சின் நடுவில் அழுத்தி, வியர்த்து, கைக்குப் பரவும் வலியை இருதய வலியாக நினைத்து ஓடுங்கள். வலியே இல்லை, அதனால் பெரிதாக ஒன்றுமில்லை என்ற கணக்கு மட்டும் நுரையீரலுக்குப் பொருந்தாது. கட்டி உறையைத் தொடும்வரை வலிக்காது.

இப்போது கண்ணால் பார்க்கக்கூடியவை. அப்பாவின் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நகத்தோடு நகம் சேர்த்து, முதல் கணு வரை ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். நகங்களின் அடியில் வைர வடிவில் சின்ன இடைவெளி தெரிய வேண்டும். அது மறைந்து விரல் நுனி உருண்டிருந்தால், புற்றுநோய், நுரையீரல் தழும்பு, சீழ் தங்கும் நோய்கள் என்று தேட வேண்டும். தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் ஷாம்ராத் 1976-இல் எழுதிய சோதனை இது. தனக்கே இதய வால்வில் தொற்று வந்தபோது தன் விரலில் கவனித்தது. சிஓபிடி எனப்படும் புகையால் வரும் அடைப்பு நோய் மட்டும் இருந்தால் விரல் இப்படிப் பருக்காது. சிஓபிடிக்காரருக்கு விரல் பருத்தால் கூடவே வேறொன்று இருக்கிறதா என்று பார்ப்போம்.

உட்காரும் விதத்தைப் பாருங்கள். இரண்டு கைகளையும் முழங்காலிலோ மேசையிலோ ஊன்றி முன்னால் சாய்ந்து உட்காருவது, உதட்டைக் குவித்து ஊதுவது போல மூச்சை விடுவது, மூச்சு இழுக்கும்போது கழுத்து நரம்பும் தசையும் புடைப்பது. யாரும் சொல்லித்தராமல் உடம்பு தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும் உத்திகள் இவை. உதடு நீலமாகிறதா என்று நம் நிறத்தில் பார்ப்பது கஷ்டம். நாக்கையும் உதட்டின் உள்பக்கத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். ரத்தசோகை உள்ளவருக்கு ஆக்சிஜன் நன்றாகக் குறைந்தாலும் நீலம் தெரியாமல் போகலாம்.

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் அலமாரியில் இருந்தால் எடுங்கள். நகப்பூச்சு இருக்கக் கூடாது, கை குளிர்ந்திருக்கக் கூடாது. 95-க்கு மேல் இயல்பு. உட்கார்ந்து ஒரு தடவை, வராந்தாவில் ஆறு நிமிடம் நடந்துவிட்டு ஒரு தடவை பாருங்கள். நடந்தபின் நான்கு அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் அந்த எண்ணைச் சொல்லுங்கள். கருவி கருத்த தோலில் கொஞ்சம் தாராளமாகக் காட்டும். 2020-இல் அமெரிக்காவில் வந்த ஆய்வு ஒன்றில், கருவி 92 முதல் 96 என்று காட்டியும் ரத்தத்தில் உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்தது கறுப்பினத்தவரில் வெள்ளையரைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆகவே எண் நன்றாக இருந்து ஆள் நன்றாக இல்லை என்றால் ஆளை நம்புங்கள்.

வயதானவர்களின் நிமோனியா பற்றி ஒரு வார்த்தை. பலருக்குக் காய்ச்சல் இருக்காது, இருமல்கூடச் சரியாக இருக்காது. நேற்று வரை பேப்பர் படித்தவர் இன்று பேரன் பேரை மாற்றிச் சொல்கிறார், சாப்பிட மறுக்கிறார், பாத்ரூமில் தடுமாறுகிறார். ‘மூளை குழம்பிடுச்சு’ என்று நரம்பு மருத்துவரைத் தேடும் முன் மூச்சை எண்ணிப் பாருங்கள்.

இனி மில் விஷயம். பஞ்சுத் தூசி, அதிலும் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூம், கார்டிங் பகுதியில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு தனி நோய் உண்டு. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும், இருமல் வரும். அடுத்தடுத்த நாளில் குறையும். வருடங்கள் போகப் போக எல்லா நாளும் இருக்கும், கடைசியில் நிரந்தரமாகத் தங்கிவிடும். அப்பாவிடம், எந்தப் பகுதியில் வேலை பார்த்தார், லீவு முடிந்த நாளில் அப்போது நெஞ்சு இறுக்கம் இருந்ததா என்று கேளுங்கள். பீடியும் பஞ்சுத் தூசியும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் என் முதல் சந்தேகம் இந்த இரண்டும் சேர்ந்த மூச்சுக்குழாய் அடைப்புதான். ஆனால் டிபியையும் புற்றுநோயையும் விலக்காமல் அப்படிச் சொல்லக் கூடாது.

அதனால் இந்த வாரமே கூட்டிப்போங்கள். சளிப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, ரத்தத்தில் அணுக்களின் எண்ணிக்கை, ஈசிஜி, அப்புறம் ஸ்பைரோமெட்ரி எனும் ஊதும் பரிசோதனை. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டால் திருப்தி அடையாதீர்கள். ஆஸ்துமாவிலும் ஆரம்பநிலை அடைப்பு நோயிலும் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். ஊதிப் பார்த்தால்தான் தெரியும். முழுதாக ஊதிய காற்றில் எழுபது சதவீதத்துக்கும் குறைவாகத்தான் முதல் நொடியில் வெளியே வருகிறது, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அது மாறவில்லை என்றால் சிஓபிடி. இடையில், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, பேச்சு துண்டு துண்டானாலோ, ஆக்சிஜன் 90-ஐ ஒட்டிப் போனாலோ, ரத்தம் அதிகமாக வந்தாலோ, குழப்பமோ அசாதாரணத் தூக்கமோ வந்தாலோ காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

போகும்போது செய்ய வேண்டியவை சில. காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, ஆழமாக இருமி எடுத்த சளியைக் கொடுக்க வேண்டும். எச்சில் துப்பினால் பரிசோதனை வீண். டப்பாவை ஆஸ்பத்திரியிலேயே தருவார்கள். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், பழைய எக்ஸ்ரே இருந்தால் அதையும் எடுத்துப்போங்கள். பழைய படத்தோடு ஒப்பிட்டால் பல சந்தேகம் அங்கேயே தீரும். ஊதும் பரிசோதனைக்கு முன் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். ஏற்கெனவே யாராவது இன்ஹேலர் கொடுத்திருந்தால் அதை எத்தனை மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும் என்று முதல் நாளே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.